புதிதாகத் தொடக்கப்பள்ளிக்குப் போகும் ஆசிரியருக்கு: வகுப்புச் செயல்பாடுகளும் சிறப்பு நாள்களும்

பணி ஆணை கைக்கு வந்து, ஏதோ ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் சேர்ந்தாயிற்று. ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். ஹெச்.எம். நான்கையும் ஐந்தையும் தன்னிடம் வைத்துக்கொண்டு, ஒன்று முதல் மூன்று வரை உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். தமிழ்நாட்டின் ஈராசிரியர் பள்ளிகளில் வழக்கமாக இப்படித்தான். பயிற்சிக் காலத்தில் நீங்கள் எடுத்த மாதிரி வகுப்பில் எல்லாரும் ஒரே வகுப்புப் பிள்ளைகள். சார்ட் பளபளவென்று தொங்கியிருக்கும். இங்கே மூன்று வகுப்பும் ஒரே அறையில், பக்கத்துப் பக்கத்துப் பாயில். இதில் செயல்பாடு எப்படி நடத்துவது, காமராஜர் பிறந்த நாளான கல்வி வளர்ச்சி நாளை எப்படிக் கொண்டாடுவது என்று மலைப்பாகத்தான் இருக்கும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடத்துக்குத் தனி நேரம், விழாவுக்குத் தனி நேரம் என்று இரண்டு கணக்கு வைக்காதீர்கள். விழா நாளில் பிள்ளைகள் செய்கிற வேலை, அந்த மாதப் பாடத்தில் அவர்கள் எங்கே தடுமாறுகிறார்களோ அதைத் தொட வேண்டும். இல்லையென்றால் ஒத்திகையிலும் தோரணத்திலுமே பருவம் ஓடிவிடும்.

முதல் வாரம் பார்ப்பதற்கு மட்டும்

அடிப்படை வாசிப்பும் கணக்கும் எல்லாப் பிள்ளைக்கும் வர வேண்டும் என்று அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறோம். மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்து பிடிபடாத பிள்ளை அரும்புதான். செயலியில் பதிய வேண்டிய மதிப்பீட்டைப் பதிந்துவிடுங்கள். ஆனால் அது உங்களுக்கு நிலையைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது. அதற்கு நீங்களே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்குப் படம் வரையக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பிள்ளையாகப் பக்கத்தில் கூப்பிடுங்கள். மூன்று அட்டை போதும்: ஒன்றில் தனி எழுத்துகள், இன்னொன்றில் படம், மரம், கல் மாதிரியான சொற்கள், மூன்றாவதில் இரண்டு மூன்று வரிக் கதை. பிள்ளை எழுத்தைப் பார்த்துச் சொல்கிறதா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறதா என்று கவனியுங்கள். அப்புறம் ஒரு பிடி புளியங்கொட்டையை (ஒன்றாம் வகுப்புக்குப் பாட்டில் மூடியை) கொட்டி எண்ணச் சொல்லுங்கள். சில பிள்ளைகள் வாய் ஒரு வேகத்திலும் விரல் ஒரு வேகத்திலும் போகும். பதினான்கு கொட்டைக்குப் பதினேழு வரும். அந்தப் பிள்ளைக்கு எண்களின் பெயர் தெரியும், எண்ணத்தான் வரவில்லை. இந்த வித்தியாசத்தைச் சரி, தவறு என்று போட்டால் இழந்துவிடுவீர்கள். ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பார்த்ததை அப்படியே எழுதி வையுங்கள்.

நிலையின் பெயரைப் பிள்ளைகள் காதுபடச் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். 'போடா, நீ அரும்பு' என்று மைதானத்தில் கேலி ஆரம்பிக்க ரொம்ப நேரம் ஆகாது.

இந்த வாரத்திலேயே பள்ளி பீரோவையும் சுவரையும் ஒரு நோட்டம் விடுங்கள். செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. அந்தக் காலத்தில் சுவரோரம் தரையை ஒட்டிப் போட்ட கீழ்மட்டக் கரும்பலகை நிறையப் பள்ளிகளில் இன்னும் இருக்கிறது, பெயின்ட் உரிந்துபோய். ஒரு டப்பா கரும்பலகை பெயின்ட் வாங்கி அடித்து, பிள்ளைக்கு ஒரு கட்டமாகக் கோடு போட்டுப் பெயர் எழுதிவிடுங்கள். நோட்டில் எழுதப் பயப்படுகிற பிள்ளை சுவரில் தைரியமாக எழுதும், அழிக்கலாம் என்பதால். நீங்கள் நடுவில் நின்று ஒரு சுற்றுத் திரும்பினால் யார் எங்கே திணறுகிறார்கள் என்று தெரிந்துவிடும். இதைவிட மலிவான மதிப்பீட்டுக் கருவி எனக்குத் தெரியாது.

ஒரு செயல்பாட்டைத் தேர்ந்தெடுப்பது

ஆசிரியர் கையேட்டில் செயல்பாடுகள் நிறையக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் செய்து முடிப்பது என்பது நடக்காத காரியம். எதை எடுப்பது என்று முடிவு செய்ய மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் கை என்ன செய்யும்? தப்பு நடந்தால் அது என் கண்ணுக்குத் தெரியுமா? இந்த நேரத்தில் மற்ற இரண்டு வகுப்பும் என்ன செய்துகொண்டிருக்கும்? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லையென்றால் அன்றைக்கு அது வேண்டாம்.

ஓர் உதாரணம். பெ, பே, பொ, போ குழப்பம் எல்லா வகுப்பிலும் இருக்கும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வருகிறது, ஆனால் ஓசை அப்புறம்தான் வருகிறது. பிள்ளைக்கு இது நியாயமே இல்லாத விஷயமாகப் படுகிறது. நான்கு பிள்ளைகளை முன்னால் கூப்பிடுங்கள். ஒருவரிடம் 'ப' அட்டை, ஒருவரிடம் ஒற்றைக்கொம்பு, ஒருவரிடம் இரட்டைக்கொம்பு, ஒருவரிடம் கால். 'ப' நடுவில் நிற்கட்டும். வகுப்பிலிருந்து பார்க்கும்போது கொம்புக்காரர்கள் அதற்கு இடப்பக்கம், கால்காரர் வலப்பக்கம், மூன்று பேரும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒற்றைக்கொம்பு எழுந்தால் 'பெ'. கால் மட்டும் எழுந்தால் 'பா'. இரண்டு பேரும் சேர்ந்து எழுந்தால் 'பொ'. ஒற்றைக்கொம்பு உட்கார்ந்து இரட்டைக்கொம்பு எழுந்தால் 'போ'. உட்கார்ந்திருக்கும் கூட்டம் சத்தமாகப் படிக்க வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் வேலையைத் திருப்பிப் போடுங்கள். நீங்கள் 'போ' என்று சொல்ல, யார் எழ வேண்டும் என்று முன்னால் இருப்பவர்களே முடிவு செய்யட்டும். இரட்டைக்கொம்பு எழுந்து, கால் எழ மறந்துவிட்டால், 'போ இல்ல, பே!' என்று வகுப்பே கத்தும். அந்தத் திருத்தம் உங்கள் வாயிலிருந்து வராதது நல்லது. அப்புறம் 'ப'வை மாற்றி 'க', 'ம', 'த' என்று கொடுத்துக்கொண்டே போகலாம். எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு அட்டையை மட்டும் பிடிக்கக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிடாதீர்கள். கால் அட்டையை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். எப்போது எழ வேண்டும் என்று காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டிய வேலை அது.

கணக்குக்கு ஈர்க்குச்சிதான் ராஜா. பழைய விளக்குமாறு ஒன்றைப் பிரித்து, ஒரே அளவில் நறுக்கி, கழுவிக் காயவையுங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டு. மிச்சம் தனிக் குச்சி. 32-இலிருந்து 17 கழிக்கச் சொன்னால் இரண்டாம் வகுப்பில் பல பிள்ளைகள் 25 என்று எழுதும். ஏழில் இரண்டு போனால் ஐந்து, மூன்றில் ஒன்று போனால் இரண்டு. பெரியதிலிருந்து சின்னதைக் கழித்துப் பழகியதால் வருகிற விடை. கரும்பலகையில் எத்தனை தடவை 'கடன் வாங்கு' என்று சொன்னாலும் ஏறாது. கையில் மூன்று கட்டும் இரண்டு குச்சியும் கொடுத்து, 'எனக்குப் பதினேழு குச்சி கொடு' என்று கேளுங்கள். ஒரு கட்டைக் கொடுக்கும். ஏழு குச்சி கொடுக்க வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. உங்கள் முகத்தைப் பார்க்கும். பதில் சொல்லாதீர்கள். கட்டைப் பிரிக்கலாமா என்று பிள்ளை கேட்கிற வரைக்கும் பொறுத்திருங்கள். பிரித்த பிறகு கையில் பதினைந்து மிஞ்சும். நோட்டில் எழுதிய 25-ஐப் பிள்ளையே போய் அழிக்கும்.

ஒரு எச்சரிக்கை: ஒன்றாம் வகுப்பில் புளியங்கொட்டை, குன்றிமணி, மொச்சை எல்லாம் மூக்குக்கும் காதுக்கும் போகும். குன்றிமணி நஞ்சும்கூட, அதைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டில் மூடி போதும். தீக்குச்சியும் வேண்டாம்.

சரி, மற்ற வகுப்பு? ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்குத்தான் புதிய விஷயம். மற்ற இரண்டு குழுவும் ஏற்கெனவே தெரிந்ததைச் செய்து பழகட்டும்: ஒன்று கீழ்மட்டக் கரும்பலகையில், இன்னொன்று வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களோடு. நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து வந்திருக்கும் அந்தப் புத்தகங்கள் பீரோவுக்குள் புத்தம் புதிதாக இருந்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை. கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

சிறப்பு நாள்கள்: எதைப் பெரிதாக, எதைச் சின்னதாக

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள், ஆகஸ்ட் 15, செப்டம்பர் 5 ஆசிரியர் நாள், நவம்பர் 14 குழந்தைகள் நாள், டிசம்பர் 22 கணித நாள், பொங்கல், ஜனவரி 26, பிப்ரவரி 21 தாய்மொழி நாள், 28 அறிவியல் நாள், அப்புறம் ஆண்டு விழா. இது தவிர கலைத் திருவிழா, அவ்வப்போது வரும் உறுதிமொழிகள். எல்லாவற்றையும் பெரிதாகச் செய்தால் நீங்களும் காலி, பாடமும் காலி. பருவத்துக்கு ஒன்று பெரிதாக. மற்றதெல்லாம் காலை வழிபாட்டுக் கூட்டத்தோடோ, ஒரு பிரிவேளையோடோ முடியட்டும்.

கல்வி வளர்ச்சி நாள் என்றால் பேச்சுப் போட்டி என்று ஒரு வழக்கம் ஆகிவிட்டது. அப்பா எழுதிக் கொடுத்ததைப் பிள்ளை ஒப்பிக்கும், முதல் பரிசு அப்பாவுக்கு. அதற்குப் பதில் நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு ஒரு வேலை கொடுக்கலாம். வீட்டில் பெரியவர்களிடம், 'நீங்க படிச்சப்போ பள்ளிக்கூடத்துல சாப்பாடு உண்டா? என்ன போட்டாங்க?' என்று கேட்டு இரண்டு வரி எழுதி வரச் சொல்லுங்கள். சுவரில் ஒரு நீளக் கோடு போட்டு ஆண்டுகளைக் குறியுங்கள்: 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்கில் மதிய உணவு, 1956-இல் முதல்வர் காமராஜரின் மதிய உணவுத் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் காலை உணவு. பாட்டி எந்த ஆண்டில் ஒன்றாம் வகுப்புச் சேர்ந்தார், அப்போது கோட்டில் எங்கே நிற்கிறார்? நான்கு இலக்கக் கழித்தல் தானாக வந்துவிடும். சில பாட்டிகள் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை என்று சொல்வார்கள். அந்த வரியையும் அதே கோட்டில் ஒட்டுங்கள். காமராஜர் அத்தனை பள்ளிகளை ஏன் திறந்தார் என்று அதற்குப் பிறகு நீங்கள் விளக்க வேண்டியிருக்காது.

கணித நாள் ராமானுஜன் பிறந்த நாள். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். அவருடைய கணிதம் தொடக்கப்பள்ளிக்கு எட்டாது, ஆனால் நாள் மார்கழியில் வருகிறது, அது நமக்குச் சௌகரியம். ஊரெல்லாம் கோலம். ஏழு புள்ளியில் தொடங்கி நான்கு வரை இடைப்புள்ளி வைத்தால் மொத்தம் எத்தனை புள்ளி? எண்ணித்தான் 37 என்று முதலில் சொல்வார்கள். அப்புறம், 'எண்ணாம சொல்ல முடியுமா?' என்று கேளுங்கள். நடுவில் ஏழு, மேலேயும் கீழேயும் ஆறு, ஐந்து, நான்கு. அதே ஏழை நேர்ப்புள்ளியாக ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்தால் 25தான் வரும். ஏன் குறைந்தது என்று விவாதம் நடக்கட்டும். பள்ளி வாசலில் சாக்பீஸால் போட்டுப் பார்க்க ஆண் பிள்ளைகளையும் இறக்குங்கள். ஒரு அம்மாவைக் கூப்பிட்டுப் புள்ளி வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது. பள்ளிக்கு வரத் தயங்குகிற அம்மாக்கள்கூட இதற்கு வருவார்கள்.

குழந்தைகள் நாளுக்கு மாறுவேடப் போட்டி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. வாடகைக்கு உடை எடுக்க முடிந்த வீடு, முடியாத வீடு என்று பிள்ளைகள் மேடையிலேயே பிரிந்து நிற்பார்கள். நடத்தித்தான் ஆக வேண்டும் என்றால் துண்டு, செய்தித்தாள், இலை, இதைத் தவிர எதுவும் கூடாது என்று விதி போடுங்கள். தாய்மொழி நாளில், வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசுகிற பிள்ளை வகுப்பில் இருந்தால், பத்துப் பொருளுக்கு அந்த மொழிப் பெயரை அந்தப் பிள்ளையே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். தமிழ் தடுமாறுவதால் வருடம் முழுக்கப் பின்னால் உட்கார்ந்த பிள்ளைக்கு அன்று ஒருநாள் டீச்சர் வேலை.

சந்தை நாள்

பொங்கலுக்கு முந்தைய வாரம் நடத்த ஏற்றது. வாங்கல், விற்றல், எடை, மீதி, கணக்கு எல்லாம் இதில் அடங்கும். மூன்றாம் பருவத்தின் பெரிய நிகழ்ச்சியாக இதையே வைத்துக்கொள்ளலாம்.

பத்து நாள் முன்பே ஹெச்.எம்.மிடம் பேசி, பள்ளி மேலாண்மைக் குழுவிலும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பிள்ளைகளை ஊர்ச் சந்தைக்கோ காய்கறிக் கடைக்கோ கூட்டிப்போவதாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், கூட இரண்டு பெற்றோர் வர வேண்டும். முடியாவிட்டால் கவலையில்லை, வீட்டில் அம்மா அப்பாவிடம் விலை கேட்டு எழுதி வரட்டும். ஒரே கத்தரிக்காய்க்கு நான்கு வீட்டில் நான்கு விலை வரும். எந்த விலையைப் பலகையில் எழுதுவது? இதை மூன்றாம் வகுப்பிடம் விட்டுவிடுங்கள். சுவாரசியமான பஞ்சாயத்து நடக்கும்.

தராசுக்குக் கொட்டாங்குச்சி இரண்டு, ஒரு குச்சி, சணல். கனம் குறைந்த பக்கத்தில் களிமண் ஒட்டிச் சமப்படுத்துவதே ஒரு பாடம். பணத்தைப் பழைய காலண்டர் தாளில் செய்யுங்கள். ஆளுக்கு ஐம்பது ரூபாய்: ஒரு இருபது, இரண்டு பத்து, ஒரு ஐந்து, ஐந்து ஒற்றை ரூபாய். ஒரே ஐம்பது ரூபாய்த் தாளாகக் கொடுத்தால் சில்லறை இல்லாமல் சந்தை முதல் ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும். ஒன்றாம் வகுப்புக்கு ஒற்றை ரூபாயும் பத்தும் மட்டும் போதும். நிஜப் பணம் வேண்டாம். காசு கொண்டுவர முடியாத பிள்ளை அன்றைக்கு லீவு போட்டுவிடும்.

காய்கறி வீட்டிலிருந்து வரட்டும், ஆனால் எல்லாரும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லாதீர்கள். கறிவேப்பிலைக் கொத்து, முருங்கைக்கீரை, எலுமிச்சை என்று கொல்லையில் இருப்பது போதும். ஒன்றும் கொண்டுவராத பிள்ளைகளிடம் தராசையும் கல்லாவையும் ஒப்படையுங்கள். அதுதான் கௌரவமான வேலை.

நாலைந்து கடை, கடைக்கு இரண்டு பேர்: ஒருவர் நிறுக்க, ஒருவர் காசு வாங்க. ஒரு நேரத்தில் கடைக்கு மூன்று வாடிக்கையாளர்தான். கோடு போட்டு அதற்குப் பின்னால் வரிசை. இந்த விதி இல்லாவிட்டால் கூச்சல்தான் மிஞ்சும். பாதி நேரத்தில் மணி அடித்து, விற்றவர்கள் வாங்கவும் வாங்கியவர்கள் விற்கவும் மாற வேண்டும்.

உங்கள் வேலை சுற்றிச் சுற்றி ஒழுங்குபடுத்துவது என்று நினைத்துவிடாதீர்கள். அதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். நீங்கள் ஒரு கடையருகே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். பதின்மூன்று ரூபாய்க்குக் கீரை வாங்கி இருபது ரூபாய் கொடுத்தால், சில பிள்ளைகள் நோட்டில் கழித்தல் போடும். சில பிள்ளைகள், 'பதினாலு, பதினஞ்சு, பதினாறு...' என்று ஒவ்வொரு ரூபாயாக வைத்து இருபது வரை போகும், நிஜக் கடைக்காரர் செய்வதைப் போலவே. இரண்டாவது வகைப் பிள்ளைதான் கழித்தல் தேர்வில் தோற்றுக்கொண்டிருக்கும். அதன் பெயரை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அது சொன்ன வழியைக் கரும்பலகையில் போட்டு, எண்களைக் கோட்டில் குறித்து எல்லாருக்கும் காட்டலாம்.

முடிந்ததும் ஒவ்வொரு கடையும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பொருள் எவ்வளவு போனது, காசு எவ்வளவு வந்தது. கண்டிப்பாக உதைக்கும். நீங்கள் சரிசெய்து கொடுக்காதீர்கள். எங்கே விட்டோம் என்று அவர்களே தேடுகிற அந்த அரைமணி நேரம்தான் சந்தையில் மிகப் பெரிய பாடம். காய்கறியைச் சத்துணவு அமைப்பாளரிடம் முன்கூட்டியே பேசிவைத்து அன்றைய சாம்பாருக்குக் கொடுத்துவிடலாம்.

ஆண்டு விழா

ஒலிபெருக்கி, பந்தல், குடிநீர், கழிப்பறை வெளிச்சம் எல்லாம் மேலாண்மைக் குழுவோடு பேசி முடிக்க வேண்டியவை, ஹெச்.எம். வழிகாட்டுவார். உங்கள் கையில் இருப்பது இரண்டு. ஒன்று, ஒத்திகை கடைசிப் பிரிவேளையில் மட்டும். சினிமாப் பாட்டுக்கு ஆடும் எட்டுப் பேருக்காக மற்ற பிள்ளைகள் மதியம் முழுக்க வேடிக்கை பார்க்கக்கூடாது. இரண்டாவது, வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு வேலை எழுதுங்கள். ஆடக் கூச்சப்படுகிற பிள்ளை அறிவிப்புச் செய்யும், மணி அடிக்கும், திரை இழுக்கும். வேலை இல்லாத பெயர் ஒன்றுகூட இருக்கக்கூடாது.

நிகழ்ச்சி தொடங்கும் முன் அரைமணி நேரம் வகுப்பறையைத் திறந்துவையுங்கள். ஈர்க்குச்சிக் கட்டு, கொம்பு அட்டை, கொட்டாங்குச்சித் தராசு எல்லாம் மேசையில், பக்கத்தில் பிள்ளைகள். வருகிற பெற்றோரைப் பிள்ளைகளே கேள்வி கேட்கட்டும். 'பிரைவேட்ல சேர்க்கலாமா'ன்னு யோசிக்கிற அப்பா, தன் மகள் முப்பத்திரண்டிலிருந்து பதினேழைக் கட்டு பிரித்துக் காட்டுவதைப் பார்த்தால், பேச்சாளர் வந்து சொல்ல வேண்டியதில்லை.

எழுத்து வேலை, போட்டோ, மறுநாள்

பாடக்குறிப்பில் 'சந்தை நாள்' என்று மட்டும் எழுதினால் பார்வைக்கு வரும் வட்டாரக் கல்வி அலுவலர் பாடம் எங்கே என்று கேட்பார், நியாயம்தான். எந்தக் கற்றல் விளைவுக்காக நடத்தினீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். பிள்ளைகளின் கணக்குத் தாள்களை அப்படியே கோப்பில் வைத்துவிட்டால் பாடம் நடக்கும்போதே செய்கிற வளரறி மதிப்பீட்டுக்கும் அதுவே சான்று. போட்டோவில் முகத்தைவிடக் கையையும் வேலையையும் எடுங்கள். பிள்ளைகள் முகம் தெரிகிற படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடுவது சரியில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக மூன்றே கணக்கு கொடுங்கள். சந்தையில் வந்த அதே மாதிரி, ஆனால் காய்கறி, காசு எதுவும் இல்லாமல், வெறும் எண்ணாக. கையில் காசு இருந்தபோது போட்ட பிள்ளை எண்ணாகக் கொடுத்ததும் நின்றுவிட்டால், ஈர்க்குச்சிக் கட்டை மறுபடி எடுங்கள். இன்னும் ஒரு வாரம் அதற்குத் தேவைப்படும். மூன்றையும் போட்டுவிட்ட பிள்ளையைப் பக்கத்துப் பாய்க்கு அனுப்பி, இரண்டாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லலாம்.